நிலைக்காலில் சேவல் ரத்தம்

1

என் மடத்தனத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை. கடல் பிளந்த சரித்திரத்தைப் பதினான்கு வருஷம் பிரசங்கம் செய்தவன் நான். மோசே எந்தக் கரையில் நின்றார், இஸ்ரவேலரை அடிமை கொண்ட பார்வோனின் ரதங்கள் எந்தத் திசையிலிருந்து வந்தன என்று ஓய்வுநாள் பள்ளிக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் இருபத்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கடலைக் கடந்தபோது, பார்வோன் இருக்கிற கரையில் கொண்டுபோய் இறக்கினேன். இறங்கினதும் மணலில் முழங்காற்படியிட்டு ஒரு ஸ்தோத்திர ஜெபமும் பண்ணினேன். அந்த ஜெபம் கொஞ்சம் நீளம். வெயிலில் நின்ற ஜனங்கள் மூன்று தடவை 'ஆமென்' சொல்லி என்னை நிறுத்தப் பார்த்தார்கள்.

நான் இருப்பது பினாங்குக்கு எதிர்க்கரையில் ஒரு ரப்பர் தோட்டம். ஆறு நாள் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது எழுத்துக்காரன். ஏழாம் நாள் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஜெபக்கூடத்தில் உபதேசியார். கர்த்தர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். எனக்கு அந்தச் சலுகை இல்லை.

நம் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் ஐயா எழுதியிருந்தார்: "பஸ்காப் பண்டிகை வருகிறது. அடிமைத்தனத்திலிருந்து தேவன் அருளும் விடுதலையின் ஆவிக்குரிய அர்த்தம் பற்றி, உமக்கே உரிய நகைச்சுவையோடு நாலு பக்கம் அனுப்பும்." சந்தோஷமாக உட்கார்ந்தேன். முதல் வரியும் நன்றாகவே விழுந்தது. அந்த நேரம் பார்த்து என் மகள் எஸ்தர் வந்து கெடுத்துவிட்டாள்.

2

எஸ்தருக்கு ஒன்பது வயது. டவுனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிறாள். தோட்டத்து மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடி அந்தப் பாஷையும் ஒட்டிக்கொண்டது. சாப்பிடக் கூப்பிட்டால் "மக்கான் ஆச்சு" என்கிறாள். தமிழ் வேதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தால், 'ஆகாரம்' வரைக்கும் வந்து 'பசிக்கிறது' என்று எழுந்து போய்விடுகிறாள். ஒருநாள் தாமிரபரணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆத்துல முதலை உண்டாப்பா?" என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு அதோடு அந்த ஆற்றின் மேல் இருந்த மரியாதை போயிற்று.

அவள்தான் நேற்று லயத்துப் பக்கம் விளையாடிவிட்டு வந்து கேட்டாள். லயம் என்பது வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் பலகை வீடுகள்.

"அப்பா, பாக்கியம் அத்தை வீட்டு வாசல் கட்டையில மட்டும் ஏன் கறுப்பா கறை இருக்கு? டாராவா?"

டாரா என்றால் மலாயில் ரத்தம்.

பஸ்கா நாளில் பிள்ளைகள் 'இந்த ஆராதனையின் பொருள் என்ன' என்று கேட்பார்கள், அப்போது தகப்பன்மார் பதில் சொல்லவேண்டும் என்று மோசே கட்டளையிட்டுப் போயிருக்கிறார். என் பிள்ளையும் கேட்டுவிட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி கிருபையின் குரல் வந்தது. அவள் களக்காட்டுக்காரி, மலையோரத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், வாயில் காரம் உண்டு.

"சொல்லுங்களேன். ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்லுதீங்கள்லா."

நான் கையிலிருந்த காகிதத்தைக் கிழித்துப்போட்டேன். இது வேறு காகிதம்.

3

நான்கு வருஷத்துக்கு முன் லீவில் ஊர் வந்திருந்தேனே, நினைவிருக்கும். வெள்ளைக் கோட்டும் பினாங்குக் குடையுமாகத் திரிந்தேன். நல்ல வெயிலில் குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். விரித்தால் அதன் பிடி தெரியாது.

ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே, ஆற்றோரம், பண்ணையார் வயலில் தலைமுறை தலைமுறையாக உழுது நடுகிற நம் சபை ஜனங்களை உங்களுக்குத் தெரியும். பிசான நெல்லறுப்பு முடிந்த சமயம். மருதமரத்தடியில் அவர்களை உட்காரவைத்து எகிப்து சரித்திரத்தைச் சொன்னேன். "நீங்கள்தான் இஸ்ரவேலர். இந்த வயல்தான் செங்கற்சூளை. கர்த்தர் உங்கள் பெருமூச்சைக் கேட்டார். கடலுக்கு அப்பால் பாலும் தேனும் ஓடுகிற தேசம் இருக்கிறது" என்றேன். அன்றைக்கு நான் ஆவிக்குரிய அர்த்தம் எதையும் சொல்லவில்லை. கூலி, அரிசி, வீடு, மூன்று வருஷ ஒப்பந்தம், அது முடிந்ததும் திரும்பி வரக் கப்பல் டிக்கெட், எல்லாம் சரீரத்துக்குரிய அர்த்தம்தான். பால் ஓடுகிறது என்றது பொய்யில்லை. ரப்பர் மரத்தில் வெட்டினால் பால் ஓடத்தான் செய்கிறது. குடிக்க முடியாது, அவ்வளவுதான்.

முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் சிரித்தவன் மாசிலாமணி. என் வேடிக்கைப் பேச்சுக்கு அவனைப்போல் சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு உபதேசியாருக்கு அதைவிடப் பெரிய கண்ணி வேறில்லை. அவன்தான் எனக்கு மோசே என்று பெயர் வைத்தான். அவன் மனைவி பாக்கியம் சிரிக்கவில்லை. கைக்குழந்தை ரூத்தை மடியில் போட்டுக்கொண்டு, "அங்கன ஆஸ்பத்திரி உண்டுமா ஐயா?" என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றேன்.

வண்டி கட்டுகிற அன்று பண்ணையார் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார்.

"வே உபதேசியாரே, எங்க கூட்டிட்டுப் போறீரு என் ஆளுகளை?"

"பாலும் தேனும் ஓடுத இடத்துக்கு அண்ணாச்சி."

அவர் ஆற்றைக் காட்டினார். "அப்பம் இங்க ஓடுதது என்னவே? மூத்திரமா?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே, "போங்கலே, போங்க. திரும்பி வரும்போது இந்த மோசே கூட வருதாரான்னு பாப்போம்" என்றார். பார்வோன் தீர்க்கதரிசனம் சொன்னதாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆகவே நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். இரண்டாம் நாள் எல்லோருக்கும் குடல் வாய்க்கு வந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோது பக்கத்தில் மாசிலாமணியின் குரல்: "ஐயா, கடல் எப்பம் பிளக்கும்? பிளந்தா நான் பைய இறங்கி நடந்தே போயிருதேன்."

4

இங்கே வந்து என்ன கண்டார்கள் என்று நீட்ட மாட்டேன். இருட்டோடு மணி அடிக்கும். வேலையாட்கள் களத்தில் வரிசையாக நிற்கவேண்டும். இங்கே அதற்குப் பெரட்டு என்று பெயர். நான் லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் பெயர் கூப்பிடுவேன். ஒப்பந்தத்துக்குச் சஞ்சி என்று பெயர். மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம் அல்ல. வேலைக்கு வந்த நாள் மட்டும்தான் சேரும். காய்ச்சலில் படுத்த நாள் சேராது. இந்தச் சட்டத்தை ஊரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். காகிதத்தில் இருந்தது. இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியும்.

போன வருஷம் இதே நாட்களில் மாசிலாமணிக்கு இன்னும் நாற்பது நாள் பாக்கி. நாற்பது என்ற எண்ணே அவனுக்குப் பிடித்துப்போனது. "இஸ்ரவேலருக்கு வனாந்தரத்துல நாப்பது வருசம், நமக்கு நாளு. கர்த்தர் கழிச்சுக் குடுத்திருக்காரு ஐயா" என்பான். அந்த மாதம்தான் லயத்தில் விஷக்காய்ச்சல் புகுந்தது. இரண்டு வாரத்தில் மூன்று வீட்டில் மூன்று பிள்ளைகள் போய்விட்டன. ஆஸ்பத்திரி இருந்தது, நான் சொன்னது பொய்யில்லை. மருந்து இருந்ததா என்று பாக்கியம் அன்றைக்கு மருதமரத்தடியில் கேட்கவில்லை. ரூத்துக்கு மூன்றாம் முறை குளிர் கண்டபோது பாக்கியம் பெரட்டில் நிற்கும்போதுகூட லயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குருத்தோலை ஞாயிறு. ஜனங்களைத் தேற்றவேண்டுமே என்று பஸ்காவைப் பிரசங்கித்தேன். வாயால் மட்டும் சொன்னால் என் பிரசங்கம் எப்படி ஆகும்? மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரில் ஒரு கொத்துத் தழையை முக்கி, ஜெபக்கூடத்து நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் 'சளார் சளார்' என்று அடித்தேன். "ஆட்டுக்குட்டி ரத்தத்தை இப்படித்தான் பூசினார்கள். தலைச்சன் பிள்ளைகளைக் கொல்ல வந்த சங்காரதூதன் ரத்தத்தைக் கண்டு அந்த வீட்டைக் கடந்து போனான். விடியும்வரை ஒருவனும் வாசல் தாண்டவில்லை. இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் தடி. புறப்படத் தயாராக நின்றே சாப்பிட்டார்கள்" என்று தடியை ஊன்றி நின்று காட்டினேன். ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாத ஏழை என்ன செய்வான் என்று ஒருத்தர் கேட்டதற்கு, கர்த்தர் மனசைத்தான் பார்ப்பார் என்றும் சொல்லிவைத்தேன்.

பிறகு பழக்கத்தின்படி அர்த்தத்துக்கு வந்தேன். எகிப்து என்பது பாவம். பார்வோன் என்பது பிசாசு. அடிமைத்தனம் என்பது இருதயத்தின் அடிமைத்தனம்.

பாக்கியம் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அப்பம் அவுக அறுத்த செங்கல்லு? அதுவும் இருதயத்துலதான் அறுத்தாகளா ஐயா?"

பதில் தெரியாத இடத்தில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். "பாக்கியம் செங்கல் விலை கேக்குதாளே, மாசிலாமணி, மச்சு வீடு கட்டப்போறியாலே?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

5

பெரிய வியாழன் காலை. மணி அடித்தது. லாந்தரோடு களத்துக்குப் போனேன். களத்தில் நம் ஊர் ஆட்கள் நிற்கிற வரிசை மட்டும் காலியாக இருந்தது. அவர்கள் லயத்தில் எட்டுக் கதவும் சாத்தியிருந்தது. துரை வந்தார். கங்காணி கதவைத் தட்டினார். உள்ளே பாட்டுச் சத்தம். கதவு திறக்கவில்லை.

வெளுத்த பிறகுதான் தெரிந்தது. எட்டு வாசலிலும் நிலைக்கால் இரண்டிலும் மேற்சட்டத்திலும் ரத்தம். அவர்களுக்கு வாய்த்தது சேவல்தான். நம் பக்கத்தில் கிடா இல்லாத வீட்டுக்காரன் மாடனுக்குச் சேவலைக் கொண்டுபோவானே, அந்தக் கணக்கு. தலைமுறைக்கு முன் ஞானஸ்நானம் பெற்றுவிட்டோம். சேவலுக்கு அது தெரியாது.

சூரியன் கிளம்பினதும் எட்டுக் கதவும் ஒருசேரத் திறந்தன. அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். இடுப்பில் துண்டை இறுக்கி, கையில் கம்போடு, தலையில் மூட்டையோடு. மாசிலாமணி முன்னால் நின்றான், தோளில் ரூத். பிள்ளை கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்று காலை அதற்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மாசிலாமணி என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தான்.

"ஐயா, நீங்க சொன்னபடியே செஞ்சோம். புள்ள பொழைச்சுக்கிட்டா. இனி எந்தப் பக்கமா போகணும்?"

துரையின் கண்ணில் என்ன பட்டிருக்கும்? ரத்தம், மூட்டை, இருபது கம்பு, வேலைக்கு வராத ஆட்கள். துரையும் கிறிஸ்தவர்தான். ஞாயிறுதோறும் டவுன் கோயிலுக்குப் போவார். அவர் பைபிளிலும் இதே சரித்திரம் இருக்கிறது. என் பக்கம் திரும்பி, இதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

என் இங்கிலீஷ் அன்றைக்கு ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. ஐயா, அடிமைத்தனம் என்றால் பாவம், விடுதலை என்றால் ஆத்துமாவின் விடுதலை, நான் போதிப்பது அதைத்தான், இந்தப் பேதைகள் அதை மாம்சப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றேன். அவர் முகம் தெளிந்தது. நல்லது, அந்த அர்த்தத்தையே தொடர்ந்து போதியும் என்றார். வாசல்களைக் கழுவச் சொன்னார்.

பினாயில் வாளியோடு முன்னே போனவன் நான். எட்டு வாசலில் ஏழு வாசலை ஆட்கள் கழுவினார்கள். பாக்கியம் தன் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"மத்ததெல்லாம் துடையுங்க. இதை மட்டும் விட்டுருங்க ஐயா. புள்ள இப்பத்தான் கண் முழிச்சிருக்கு."

"அது கோழி ரத்தம் பாக்கியம். ரத்தத்துல ஒண்ணுமில்ல. விசுவாசத்துலதான் இருக்கு."

"இருக்கட்டும். ரத்தமும் கொஞ்சம் இருந்துட்டுப் போட்டும்."

துரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளைக் கையால் ஒதுக்கிவிட்டுத் துடைத்தேன். என் கைக்கு எப்போதுமே சுத்தம் போதாது. பலகையில் கறை நின்றுவிட்டது. எஸ்தர் பார்த்தது அதைத்தான்.

6

முன்னால் நின்றவன் என்பதால் மாசிலாமணியை மட்டும் டவுன் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். மொழிபெயர்க்க வழக்கமாக வருகிறவருக்கு அன்று உடம்பு சரியில்லை. என்னையே நிறுத்தினார்கள். வேதத்தில் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஏன் வெளியே வரவில்லை என்று அதிகாரி கேட்டார். மாசிலாமணி என்னைக் கை காட்டினான். பயமில்லாமல், நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் சொன்னான்: "இந்த உபதேசியார் ஐயாதான் சொன்னாக, விடியுத வரைக்கும் வாசப்படி தாண்டப்பிடாதுன்னு. வேணும்னா அவுககிட்டயே கேளுங்க."

நான் மொழிபெயர்த்தேன்: "வேதத்தில் எழுதியிருக்கிறது என்று சொல்கிறான்."

அதிகாரி சிரித்தார். ரப்பர் தோட்டத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்றார். ஒரு மாதச் சிறை போட்டார். மாசிலாமணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கண் தெரியும். அவன் என்னைக் காட்டிச் சொன்ன பிறகும் அதிகாரியின் பார்வை ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கை காட்டின விரலைப் பைய மடக்கிக்கொண்டான்.

வீட்டில் கிருபை சோற்றை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கோர்ட்டுல என்ன சொன்னீங்க?"

"அவன் சொன்னதைச் சொன்னேன்."

"முழுசாவா?"

"சுருக்கமா."

அவள் சோற்றுப் பானையை மூடிவிட்டாள்.

அவன் சிறைக்குப் போன ஒன்பதாம் நாள் ரூத்துக்கு மறுபடியும் குளிர் கண்டது. பன்னிரண்டாம் நாள் முடிந்தது. அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். வேறு உபதேசியார் இல்லையே. தகப்பனை ஒரு நாளைக்கு விடும்படி மனு எழுதினேன். உரிய படிவத்தில் எழுதவில்லை என்று திரும்பி வந்தது. உரிய படிவத்தில் எழுதினேன். அனுமதி வந்து சேர்ந்தபோது குழிமேட்டில் புல் முளைத்திருந்தது. பிள்ளை செத்தது விஷக்காய்ச்சலால், நான் வாசலைத் துடைத்ததால் அல்ல. இதை நான் யாரோடும் வாதாடத் தயார். யாரும் வாதாட வரவில்லை.

சிறை நாள், காய்ச்சல் நாள், சிறையிலிருந்து வந்து அவன் வயிற்றுக்கடுப்பில் கிடந்த நாள் எதுவும் சேரவில்லை. நாற்பது நாள் நீண்டு பதினொரு மாதமாயிற்று. தினமும் இருட்டில் லாந்தரைத் தூக்கி "மாசிலாமணி" என்பேன். "ஆள் இருக்கு" என்பான். பதினொரு மாதமாக அவன் என்னோடு பேசினது அந்த இரண்டு வார்த்தைதான். என் வேடிக்கைப் பேச்சு ஒன்றுக்கும் அவன் சிரிக்கவில்லை. உண்மையில் அதற்குப் பிறகு ஜெபக்கூடத்தில் யாரும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

ஆசிரியர் ஐயா கேட்ட அர்த்தத்துக்கு வருகிறேன். எஸ்தர் தூங்கப் போகுமுன் அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பார்வோன் எத்தனையோ பேரம் பேசினான். போங்கள், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போங்கள் என்றான். போங்கள், ஆடுமாடுகளை விட்டுவிட்டுப் போங்கள் என்றான். மோசே ஒத்துக்கொள்ளவில்லை; ஒரு குளம்புகூடப் பின்னால் நிற்காது என்றார். கர்த்தர் கேட்டது சூளையிலிருந்து வந்த கூக்குரலை. அவர் அவர்களுடைய பாவக்கணக்கை முதலில் பார்த்துவிட்டு இறங்கவில்லை. முதுகைப் பார்த்துவிட்டு இறங்கினார். கட்டளையும் பலியும் கூடாரமும் எல்லாம் அக்கரை ஏறின பிறகுதான். முதலில் கால் கடந்தது. ஆத்துமா அந்தக் காலோடு கடந்தது.

'சரீரம் உமக்கு இருக்கட்டும், ஆத்துமாவை மட்டும் விட்டால் போதும்' என்கிற பேரம் பார்வோனுக்கே தோன்றவில்லை. அதைக் கண்டுபிடித்து, கேட்காமலே அவன் கையில் கொடுக்க, நம் ஆற்றங்கரையிலிருந்து ஒரு ஆள் குடையோடு வரவேண்டியிருந்தது.

ஆவிக்குரிய அர்த்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் வாசலில் மூட்டையோடு நிற்கிறவனிடம் அதைச் சொல்லுகிறவனுடைய வீட்டுக்கூரை தகரமா ஓலையா என்று முதலில் விசாரியுங்கள். என் வீட்டுக்குத் தகரம்.

இன்று காலை மாசிலாமணியும் பாக்கியமும் ஊருக்குப் புறப்பட்டார்கள். அந்த இருபத்து மூன்று பேரில் திரும்புகிறவர்கள் அவர்கள் இருவர்தான். சிலர் மறுபடி சஞ்சி எழுதிக்கொண்டார்கள். சிலர் ரூத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

கப்பல்துறைக்கு ரயில் ஏறுகிற ஸ்டேஷனுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு பிஸ்கட் டப்பா, வழியில் சாப்பிட. பாக்கியம் அதை வாங்கி, மூட்டையில் வைக்காமல் பெஞ்சின் மேல் வைத்தாள். வண்டி வர நேரமிருந்தது. நான் ஆற்றைப் பற்றிப் பேசினேன். இந்த மாதம் தண்ணீர் குறைவாக இருக்கும், தச்சநல்லூர் வழியாக வண்டி பிடித்தால் சுற்று என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததையே சொன்னேன். கோர்ட்டைப் பற்றிப் பேசத்தான் போனேன். நாக்கு தாமிரபரணியைவிட்டு ஏறவில்லை.

வண்டி வந்தது. ஏறினார்கள். மாசிலாமணி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மூட்டையில் பலகைத் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசல் கட்டையில் கறை இருந்த பகுதி. எப்போது அறுத்தார்கள் என்று தெரியவில்லை. தோட்டத்துச் சொத்து அது. ஆபீசில் சொல்லவேண்டியது என் கடமை. சொல்லப்போவதில்லை, இந்த நான்கு வருஷத்தில் நான் காட்டின வீரம் அவ்வளவுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டி நகர ஆரம்பித்தது. நானும் ஜன்னலோடு நடந்தேன். எப்படியாவது ஒரு வார்த்தை வாங்கிவிடவேண்டும். மன்னிப்பு என்று கேட்க வாய் வரவில்லை; பழையபடி வேடிக்கையாகவே கேட்டேன்.

"ஏலே மாசிலாமணி, மருதமரத்தடியில எல்லாரும் சூழ்ந்துக்கிட்டு, மோசே எங்கலேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"பார்வோன்கிட்ட கிராணி வேல பாக்காருன்னு சொல்லுதேன்."